கருத்தடை மாத்திரை போடும்போது ஹார்மோன் டெஸ்ட் எடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மாத்திரை போட்டுக்கொண்டே ஹார்மோன் டெஸ்ட் எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் எல்லாம் தாறுமாறாக இருக்கிறதே என்று ராத்திரி தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். பல நேரம் அது நோயே இல்லை, மாத்திரையின் வேலை.

அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையைக் கையில் எடுங்கள். 28 மாத்திரை இருக்கும். 21-ல்தான் ஹார்மோன்: எத்தினைல் எஸ்ட்ராடியோல் (எஸ்ட்ரோஜன் வகை) 0.03 மி.கி., லெவோநார்ஜெஸ்ட்ரல் (புரோஜெஸ்டிரோன் போன்றது) 0.15 மி.கி. நிறம் மாறியிருக்கும் மீதி 7-ம் வெறும் இரும்புச்சத்து. இந்த ஹார்மோன்கள் தினமும் உள்ளே போவதால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சூலகத்தை வேலை வாங்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டையும் குறைத்துவிடும், அதனால் முட்டை வெளிவராது, சூலகம் சொந்தமாகச் சுரக்கும் எஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோனும் இறங்கிவிடும். ரிப்போர்ட்டில் இவையெல்லாம் குறைவாக வருவது இதனால்தான். இரும்பு மாத்திரை நாட்களில் வரும் ரத்தப்போக்கும் ஹார்மோன் நின்றதால் வருவது, வழக்கமான மாதவிலக்கு அல்ல.

இன்னொரு பக்கம் கல்லீரல். மாத்திரையின் எஸ்ட்ரோஜன், ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் புரதங்களை அங்கே கூட்டிவிடும். டெஸ்டோஸ்டிரோன் அதில் மாட்டிக்கொள்வதால் ரத்தத்தில் சும்மா திரியும் பங்கு குறைகிறது (பலருக்கு முகப்பரு அடங்குவது இப்படித்தான்). தைராய்டு ஹார்மோனான டி4-ன் மொத்த அளவு ஏறித் தெரியும், அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோலின் மொத்த அளவும் அப்படியே.

சரி, என்ன செய்யலாம்? ரத்தம் கொடுக்கும் முன்பே மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம், இதைச் சொல்லாமல் விட்டால் டெஸ்ட் காசு தண்டம். தைராய்டு என்றால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்), ஃப்ரீ டி4 (புரதத்தில் மாட்டாமல் திரியும் பங்கு) டெஸ்ட் கேளுங்கள். தைராய்டு குறைவுக்கு ஏற்கெனவே தைராக்ஸின் எடுப்பவர்கள் கருத்தடை மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் போல ஆனதும் டி.எஸ்.எச். மறுபடி பார்ப்பது நல்லது, தைராக்ஸின் டோஸ் கூட்ட வேண்டி வரலாம். பி.சி.ஓ.டி. (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் டெஸ்ட் என்றால் மாத்திரையை நிறுத்தி சுமார் 3 மாதம் கழித்துப் பார்க்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் அதுவரை ஆணுறை கட்டாயம்.

அப்புறம், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அது கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை உடம்பில் சீக்கிரமே கரைத்துவிடும், மாத்திரை போட்டும் கர்ப்பமாகிவிடலாம்.