அறிவிப்பை இரு பொருள் படாமல் எழுதும் முறை
பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்யும் தமிழர்களுக்கு அறிவிப்பு எழுதுகிறவர், காலச்சொல் நிற்கும் இடத்தை முதலில் கவனிக்க வேண்டும். "திங்கட்கிழமை தண்ணீர் திறப்பதாகச் சொன்னார்கள்" என்று எழுதினால், கிழமை திறப்பதற்கும் பொருந்தும், சொன்னதற்கும் பொருந்தும். நேர்ப்பேச்சில் குரலும் சூழலும் அந்த ஐயத்தைப் போக்கிவிடும், தாளிலோ அவை இரண்டும் இல்லை. "தண்ணீரைத் திங்கட்கிழமை திறப்பதாகச் சொன்னார்கள்" என்று கிழமையை உரிய வினையோடு சேர்த்துவிடுங்கள். வயலை உழுது வைத்துக் காத்திருப்பவருக்கு இந்த மாற்றம் சிறியதன்று.

அடைமொழிக்கும் இதே கவனம் தேவை. "பழைய அரிசி மூட்டை" என்றால் பழையது அரிசியா, மூட்டையா? "மூட்டையில் இருப்பது பழைய அரிசி" என்று பிரித்து எழுதலாம்.

ஒரு சொல்லே பல பொருள் தரும்போது, வினையாலும் இனத்தாலும் (உடன் வரும் தொடர்புடைய சொல்லாலும்) சார்பாலும் (பேசும் சூழலாலும்) பொருள் தெளியும் என்கிறது தொல்காப்பியம். இன்றைக்கும் இதைவிடப் பயனுள்ள வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை. "மாலை மங்கியது", "மாலை தொடுத்தார்கள்" என்பவற்றில் வினையே போதும். "விழாவுக்கு மாலை வந்துவிடும்" என்பதில் வினை உதவாது. பூமாலை என்றோ மாலை ஆறு மணி என்றோ இனச்சொல்லைச் சேர்த்தாக வேண்டும். அறிவிப்பைச் சுவரில் ஒட்டுவதற்கு முன், விஷயம் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் புரிந்துகொண்டதைச் சொல்லச் சொல்லுங்கள்.