மூன்றாவது சிலிண்டர் எது? 'மிஸ்ஸிங்' ஆகும் காரில் காயிலா, பிளக்கா என்று கண்டுபிடிக்கும் முறை

ஏற்காடு மலைப்பாதையில் என் கார் இழுக்கத் திணறியது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை நடுக்கம். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதுதான் இது; மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். தீப்பொறி விடும் ஒவ்வொரு பிளக்கின் மேலும், அதற்கு உயர் வோல்டேஜ் தரும் தனிக் காயில் அமர்ந்திருக்கும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கான செய்முறை இது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிகளுக்குப் பொருந்தாது.

1. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும்.

2. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் இடம்) ஸ்கேனரை மாட்டிக் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். பி0301 முதல் பி0304 வரை எது வந்தாலும் கடைசி எண்தான் சிலிண்டர். கைபேசியோடு இணையும் புளூடூத் ஸ்கேனர் எனக்கு ஆகவில்லை. பாதியில் இணைப்பு அறுந்துவிடும். ஒயர் வைத்த சிறு ஸ்கேனரே என் கட்சி.

3. எனக்கு வந்தது பி0303. மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதன் இடத்தில் வைத்துவிட்டு, முதலாவதை மூன்றாவதில் வைக்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணிவிட்டேன். பெரும்பாலான வண்டிகளில் டைமிங் செயின் அல்லது பெல்ட் பக்கம் இருப்பதுதான் ஒன்று. ஆக, நான் மூன்று என்று கழற்றியது உண்மையில் இரண்டு. ஒன்று என்று நினைத்தது நான்கு. கெட்ட காயில் இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருந்தது. மறுபடியும் பி0303 வந்ததும் காயில் மேல் குற்றமில்லை என்று முடிவு கட்டி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யத் தண்டம் அழுதேன். சர்வீஸ் மேனுவலில் இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. அதே மேனுவலில் 1-3-4-2 என்று ஒரு வரிசை இருக்கும். அது தீப்பொறி விழும் வரிசை. சிலிண்டர்கள் நிற்கும் வரிசை அல்ல.

கழற்றும் முன் காயில்களில் மார்க்கரால் எண் எழுதுங்கள். பிளக்கை இப்போது தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது.

4. குறியீட்டை அழித்துவிட்டு மேம்பாலமோ மேடோ ஏறிப் பாருங்கள். ஐட்லிங்கில் ஒளிந்துகொள்ளும் கோளாறு, பாரம் ஏறும்போதுதான் வெளியே வரும். சரியாக எண்ணி மாற்றிய பிறகு எனக்கு பி0301 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து ஒன்றாவது சிலிண்டருக்கு நகர்ந்துவிட்டது: காயில்தான்.

5. பி0303 அப்படியே நின்றால் பிளக்குகளை இதேபோல் இடம் மாற்றுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை போய்விடும். திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகள் கையால்தான். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

பிற்சேர்க்கை: காயிலைத் தூக்கியதும் பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். முதலில் வால்வு கவர் கேஸ்கெட்டையும் குழியின் சீலையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுக் காயிலின் ரப்பரும் ஊறிக் கெடும். எந்த சிலிண்டர் என்று குறிப்பிடாத பி0300 மட்டும் வந்தால் இந்த இடமாற்றத்தால் பயன் குறைவு. காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம் பக்கம் பாருங்கள். பெட்ரோலில் ஒழுங்காக ஓடி சி.என்.ஜி.யில் மட்டும் மிஸ்ஸிங் என்றவருக்கு: வாயுவைப் பற்றவைக்கக் கூடுதல் வோல்டேஜ் தேவை, பலவீனமான காயிலும் தேய்ந்த பிளக்கும் அங்கேதான் முதலில் மாட்டிக்கொள்ளும்.