துருவைக் கண்டு ஓடாதீர்கள்: மூவிங் சேலில் பழைய தச்சுக் கருவி வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் சனிக்கிழமை காலை தெருமுனைக் கம்பத்தில் அட்டை தொங்கினால், பக்கத்தில் யாரோ வீட்டுச் சாமான் விற்கிறார்கள் என்று அர்த்தம். 'கராஜ் சேல்' என்றால் வேண்டாததை மட்டும் வெளியே வைப்பார்கள். 'எஸ்டேட் சேல்' பெரும்பாலும் வீட்டுக்காரர் காலமான பிறகு நடப்பது. அதையே தொழிலாகச் செய்பவர்கள் நடத்தினால் விலை விவரம் அவர்களுக்கு அத்துப்படி. 'மூவிங் சேல்' வேறு, வீடு மாறிப் போகிறவர் நடத்துவது. வீட்டுக்காரரே நிற்பார், லாரி வரும் தேதி குறித்தாகிவிட்டிருக்கும், இரும்பைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு மனமிருக்காது. நமக்கு வேண்டியது இதுதான்.

நான் இருக்கும், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பக்கம் கூடுதல் வசதி. ஸ்டான்லி கம்பெனியின் இழைப்புளிகள் கனெக்டிகட்டின் நியூ பிரிட்டனில் செய்யப்பட்டவை. ஸ்டாரெட் மூலைமட்டங்களும் மில்லர்ஸ் ஃபால்ஸ் கைத்துரப்பணங்களும் (கையால் சுற்றித் துளை போடுபவை) மாசசூசெட்ஸ் சரக்கு.

படி 1: விளம்பரத்தைப் படியுங்கள்

கிரெய்க்ஸ்லிஸ்ட், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் வியாழன் இரவே பார்த்துவிடுங்கள். 'ஆன்டீக் டூல்ஸ்' என்று போட்டிருந்தால் வியாபாரிகள் ஏழு மணிக்கே வந்து நிற்பார்கள். சோபா படத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு வொர்க்பெஞ்ச் தெரிகிறதா? நான் அந்த வீட்டுக்குத்தான் போவேன். 'நாற்பது வருடமாக இருந்த வீடு' என்ற வரி இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: பையில் என்ன இருக்க வேண்டும்?

சின்ன டார்ச், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், பென்சில், ஒரு அட்டைத் துண்டு, பழைய துணி, ஐந்து டாலர் ஒரு டாலர் நோட்டுகள். டார்ச்சை மட்டும் மறக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

படி 3: நேராகக் கீழ்த்தளத்துக்குப் போங்கள்

ஹாலில் பீங்கான் தட்டு பார்த்து நிற்காதீர்கள். பெயின்ட் டப்பா, ஆணி டப்பா, பெஞ்சுக்கு அடியில் இருக்கும் மரப்பெட்டி, இவற்றைக் கிளற அனுமதி கேளுங்கள். அப்புறம், "வெளியே எடுத்து வைக்காத கருவி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல சாமானில் பாதி இந்தக் கேள்வியால் வந்தது.

படி 4: கையில் எடுத்துச் சோதியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மேலாகப் படிந்த செந்துரு ஒரு ராத்திரி வேலை. விரிசலும் ஆழமான குழியும் அப்படியல்ல.

*இழைப்புளி:* முதன்முதலாக வாங்குபவருக்கு ஸ்டான்லி நம்பர் 4 அல்லது நம்பர் 5 போதும். நாலாம் நம்பர் சுமார் 9 அங்குல நீளம், ஐந்தாம் நம்பர் 14. மேலே இருக்கும் லீவரைத் தூக்கி, மரத்தை இழைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். தகடு வெளியே வரும் வாய்ப்பகுதியின் இரு ஓரங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். நான் டார்ச் இல்லாமல் 15 டாலர் கொடுத்து ஒன்று வாங்கி, வீட்டில் துடைத்த பிறகுதான் வாயிலிருந்து பக்கச்சுவர் வரை மயிரிழை விரிசல் ஓடுவதைப் பார்த்தேன். விற்றவருக்கும் தெரிந்திருக்காது. இப்போது அது என் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. தகட்டின் நடுவில் இருக்கும் நீளத் துளைக்குக் கீழே எவ்வளவு இரும்பு மிச்சம் என்றும் பாருங்கள். துளை வரை தேய்ந்திருந்தால் தீட்ட ஒன்றும் இல்லை.

*ரம்பம்:* கைப்பிடியைக் கண்ணருகே வைத்துப் பல்வரிசை வழியாக நூல் பிடிப்பதுபோல் பாருங்கள். லேசான வளைவு பரவாயில்லை. ஓரிடத்தில் மடங்கி முறிந்த மாதிரி இருந்தால் புதியவர் கைக்கு அது வேண்டாம். கைப்பிடியின் பித்தளை வில்லையில் டிஸ்டன் பெயரும் 'பிலா' என்ற சுருக்கமும் இருந்தால் அது ஃபிலடெல்ஃபியாவில் செய்தது; ஹென்றி டிஸ்டன் அங்கே 1840-இல் தொடங்கிய தொழில். 'வாரண்டட் சுப்பீரியர்' என்று இருந்தால் அது கம்பெனிப் பெயர் அல்ல, பலரும் பொதுவாகப் போட்ட வில்லை. அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம்.

*உளி:* முதுகுப்புறம் (சரிவு இல்லாத தட்டைப் பக்கம்), முனையிலிருந்து ஒரு அங்குலம் வரை, துருக்குழி இருக்கக் கூடாது. கைப்பிடி உடைந்திருந்தால் கவலையில்லை, புதிதாகச் செய்துகொள்ளலாம்.

*மூலைமட்டம்:* அட்டையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. விலகினால், தெரியும் விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை.

படி 5: விலை பேசுவது

ரங்கநாதன் தெரு பேரம் இங்கே எடுபடாது. ஒன்றுக்கு விலை கேட்காமல் நாலைந்தைச் சேர்த்து வைத்து, "இதெல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். கடைசி நாள் மதியம் போனால் விலை இறங்கும், ஆனால் நல்லது போயிருக்கும். நான் முதல் நாள்தான் போவேன்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

சின்ன இரும்பு உறுப்புகளை வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, ஸ்டீல் கம்பளியால் தேயுங்கள். சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு வைத்தால் மறுபடி துரு பிடிக்கும். இழைப்புளியின் உடல்பகுதியை ஊறவைக்க வேண்டாம். எண்ணெய் தொட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். கைப்பிடியில் பழைய பெயின்ட் இருந்தால் காய்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள்; தூளில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல்தான்.

துரு போனதும் இழைப்புளித் தகட்டில் எழுத்து எழும்பும். இதய வடிவத்துக்குள் 'எஸ்.டபிள்யூ' என்று தெரிந்தால் அது 1920 வாக்கில் ஸ்டான்லி போடத் தொடங்கிய முத்திரை. ஸ்டான்லி வொர்க்ஸின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டை நினைத்து வைத்த இதயம் அது. அதை வைத்து இழைப்புளியின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். தகடு தேய்ந்தபோது யாராவது வேறு போட்டிருக்கலாம். தகடு உட்காரும் மேடைக்குப் பின்னால், வார்ப்பிலேயே காப்புரிமைத் தேதி இருக்கிறதா பாருங்கள். 1902-இல் இரண்டு, 1910-இல் ஒன்று என மூன்று தேதி இருந்தால், உடல் அந்தத் தகட்டைவிட மூத்தது.