படங்கள் அங்கே, கேட்பவர்கள் இங்கே: ஊருக்குப் போகுமுன் ஓர் ஏற்பாடு

ஊரில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு வீட்டுக் கணினியிலுள்ள படங்களைத் திருத்திக்கொள்ளலாம் என்று தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். தூக்கநிலைக்குப் போன கணினி பதில் சொல்லாது. விண்டோஸ் அப்டேட் முடிந்து மறுபடி எழும்போது வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர், பின் எண் கேட்டு நின்றுவிடலாம். மின்சாரம் ஒரு நொடி போய்வந்தாலும் அணைந்தபடியே கிடக்கும். இதற்கு மட்டும் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) மருந்து உண்டு, மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி வைக்கலாம். விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைய முடியாது, ப்ரோ வேண்டும். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவைக்காமல், வயர்கார்ட் போன்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியே போங்கள். ஒத்திகையை வீட்டு வைஃபையில் பார்த்துப் பயனில்லை, மொபைல் டேட்டாவில் பாருங்கள். எல்லாம் சரியாக அமைந்தாலும் வருவது சுருக்கி அனுப்பப்பட்ட திரைதான். அதன் நிறத்தை நம்பித் திருத்த முடியாது.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்களுக்கு ஸ்மார்ட் ப்ரிவ்யூ போதும். மூலக்கோப்பு கையில் இல்லாமலே திருத்த உதவும் சிறிய பிரதி அது. நீளப்பக்கம் 2560 பிக்சல். ஆயிரம் ரா படங்களுக்கு (கேமரா பதிந்தபடியே உள்ள மூலக்கோப்புகள்) ஏறத்தாழ 1 ஜிபி. அவற்றை உருவாக்கியபின் ‘எக்ஸ்போர்ட் அஸ் கேட்டலாக்’ கொடுத்து (கேட்டலாக் என்பது படங்களின் பட்டியலும் திருத்தங்களும் அடங்கிய கோப்பு), மூலக்கோப்புகளுக்கான டிக்கை எடுத்துவிட்டு, ஸ்மார்ட் ப்ரிவ்யூவுக்கு டிக் போட்டு மடிக்கணினிக்கு மாற்றுங்கள். திரும்பியதும் ‘இம்போர்ட் ஃப்ரம் அனதர் கேட்டலாக்’ வழியே மெட்டாடேட்டாவையும் (படத்தின் விவரக்குறிப்புகள்) டெவலப் அமைப்புகளையும் (செய்த திருத்தங்கள்) மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இடையில் வீட்டிலிருப்பவர்கள் அதே படங்களைத் திருத்தியிருந்தால் அவர்கள் வேலை அழியும்; பழையதை விர்ச்சுவல் காப்பியாக (அதே படத்தின் தனித் திருத்தப் பதிப்பு) வைக்கும் டிக்கை மறக்காதீர்கள். படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கைத் திரும்பி வந்து பாருங்கள், சிறிய பிரதியில் அது ஏமாற்றும்.

ஆனால் உறவினரின் ஒரே கேள்வியில் இந்த ஏற்பாடு முழுவதும் கவிழும்: “அந்தக் குடும்பப் படம் உன்கிட்டதானே இருக்கு? அவரை மட்டும் தனியா வெட்டிப் பெருசாப் போட்டுக் குடு, சாயங்காலம் வேணும்.” இறந்தவரின் படம். மறுக்க முடியாது, தவணையும் சொல்ல முடியாது. 6000 பிக்சல் அகலமுள்ள மூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்தில் அவர் நின்றால் 1200 பிக்சல் கிடைக்கும். 12 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 100 பிக்சல். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க ஒப்பேறும். ஸ்மார்ட் ப்ரிவ்யூவில் அதே ஆள் 512 பிக்சல், அங்குலத்துக்கு 43. முகம் கரைந்துவிடும். குடும்பக் குழுவில் வாட்ஸ்அப்பில் எப்போதோ சுருங்கி வந்த பிரதி அதைவிட மோசம். கூப்பிடும் தூரத்தில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர்களிடம் ஒரு நல்ல பிரதிகூட இல்லை. எடுத்துக்கொண்டு விமானம் ஏறியவரிடம்தான் எல்லாம் இருக்கிறது. கேட்கிறவர் குரலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே பெரியவர்கள் இருக்கும் படங்களை மட்டும் தனியாகப் பிரித்து, அவற்றின் ரா மூலங்களை எஸ்எஸ்டியில் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் முழு அளவு ஜேபெக் ஒன்றும் தயாராக இருக்கட்டும். நிறவெளி (கோப்பில் அடங்கும் நிறங்களின் வரம்பு) எஸ்ஆர்ஜிபி; அதைவிட விரிந்த ப்ரோஃபோட்டோவில் கொடுத்தால் பல அச்சகங்களில் முகம் வெளிறி வரும். அந்த ஜேபெக்குகளை பென்டிரைவில் போட்டு, யாரும் கேட்குமுன், போய் இறங்கிய அன்றே அங்கிருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.