எஃப்எஸ்சி மரம்னு சொன்னா சுவத்துல மாட்டுன சர்ட்டிபிகேட்டப் பாக்காதீங்க, பில்லப் பாருங்க

கீழக்கரை, ராம்நாடு, மண்டபம் பக்கம் வீடு கட்டுற நிறைய பேர் நிலை கதவுக்கு மரம் எடுக்க தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ போறோம். அங்க சில கடைல "இது எஃப்எஸ்சி மரம், காட்ட அழிக்காம எடுத்தது"ன்னு சொல்லி கன அடிக்கு கொஞ்சம் கூடவே கேக்குறாங்க. உண்மையிலேயே அப்படிப்பட்ட மரம்னா கூடக் குடுக்கலாம், குடுக்கணும்னுதான் நானும் சொல்வேன். ஆனா நிஜமான்னு செக் பண்ண கையில ஒரு போன் இருந்தா போதும், அதத் தெரிஞ்சுக்காம காச விட்றாதீங்க.

எஃப்எஸ்சிங்கறது (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) காட்ட அழிக்காம எடுக்குற மரத்துக்கு முத்திரை குடுக்க 1993-ல ஆரம்பிச்ச அமைப்பு, இப்ப தலைமையிடம் ஜெர்மனில பான் நகரத்துல. அவங்க முறைல முக்கியமா ரெண்டு சர்ட்டிபிகேட். ஒன்னு எஃப்எம் (ஃபாரஸ்ட் மேனேஜ்மென்ட்), அது காட்டுக்கோ தோட்டத்துக்கோ குடுக்குறது. இன்னொன்னு சிஓசி (செயின் ஆஃப் கஸ்டடி, மரம் கைமாறி வர்ற சங்கிலி), அது கம்பெனிக்கு. மரம் வெட்டுன எடத்துலேர்ந்து அறுப்பு மில், இறக்குமதி கம்பெனி, மொத்த வியாபாரி, கடைன்னு அந்த மரத்த சொந்தமா வாங்கி விக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் சிஓசி இருக்கணும். நடுவுல ஒரே ஒருத்தர்கிட்ட இல்லேன்னாலும் சங்கிலி அங்கயே அறுந்துபோச்சு, அதுக்கப்புறம் அந்தக் கட்டைய எஃப்எஸ்சின்னு விக்கக்கூடாது, அது எவ்வளவு நல்ல காட்டுலேர்ந்து வந்திருந்தாலும் சரி. ஃபேக்டரிலயே லேபிள் ஒட்டி வர்ற பிளைவுட், ரெடிமேட் கதவு இதெல்லாம் அப்படியே விக்கிற சில்லறைக் கடைக்கு சிஓசி தேவையில்ல, ஆனா உருட்டு மரத்த வாங்கி அறுத்து நிலை போட்டு விக்கிறவருக்கு கண்டிப்பா வேணும். நம்ம பக்கம் பெரும்பாலும் அறுந்துபோறது இந்த இடத்துலதான்.

கடைல சர்ட்டிபிகேட் மாட்டியிருந்தா அதுல எஃப்எஸ்சி-சி-ன்னு ஆரம்பிச்சு ஆறு நம்பரோட ஒரு லைசென்ஸ் கோடு இருக்கும். பிளைவுட் லேபிள்லயும் மரமும் டிக் மார்க்கும் சேர்ந்த லோகோவோட இதே மாதிரி கோடு பொடி எழுத்துல இருக்கும். அத போட்டோ எடுத்துக்கிட்டு சர்ச் டாட் எஃப்எஸ்சி டாட் ஓஆர்ஜி போய் அடிங்க, கம்பெனி பேரு, ஊரு, சர்ட்டிபிகேட் உயிரோட இருக்கா இல்ல சஸ்பெண்ட் ஆயிருக்கான்னு எல்லாம் வரும். அஞ்சு வருசத்துக்குத்தான் குடுப்பாங்க, வருசா வருசம் ஆடிட் உண்டு, அதனால சுவத்துல இருக்கறது எப்பவோ காலாவதி ஆனதாக்கூட இருக்கலாம். கீழ புராடக்ட் லிஸ்டையும் பாருங்க, பேப்பருக்கு மட்டும் சர்ட்டிபிகேட் வாங்குன கம்பெனி தேக்கு விக்க அதக் காட்டுனா செல்லாது.

இவ்வளவும் சரியா இருந்தாலும் நீங்க வாங்குற கட்டை எஃப்எஸ்சின்னு அர்த்தமில்ல. சர்ட்டிபிகேட் வச்சிருக்கற கம்பெனி சாதா மரமும் விக்கலாம், தடையில்ல. அதனால பில்லுல உங்க மரத்துக்கான வரிலயே எஃப்எஸ்சி 100%, எஃப்எஸ்சி மிக்ஸ், இல்ல எஃப்எஸ்சி ரீசைக்கிள்டுன்னு எழுதி, கூடவே அவங்க சிஓசி சர்ட்டிபிகேட் நம்பரும் இருக்கணும். "அண்ணே, இந்த அயிட்டத்துக்கு பில்லுல எஃப்எஸ்சி போட்டுத் தருவீங்களா"ன்னு ஒரே கேள்வி கேளுங்க. நிஜமா வச்சிருக்கறவர் உடனே சரிம்பார், இல்லாதவர் அதெல்லாம் கம்பெனிக்கு மட்டும்தான் சார், ஜிஎஸ்டி பில்லுல வராதும்பார். வரும்.

100%னா முழுக்க சர்ட்டிபிகேட் வாங்குன காட்டு மரம். மிக்ஸுன்னா கூட கன்ட்ரோல்டு உட்டும் கலந்திருக்கலாம், அது எஃப்எஸ்சி காடு கிடையாது, ஆனா திருட்டு மரம், பழங்குடி மக்களோட உரிமைய மீறி வெட்டுனது, இயற்கைக் காட்ட அழிச்சு தோட்டமாக்குன எடத்து மரம் இதெல்லாம் இல்லேன்னு பாத்து எடுத்தது. பிஇஎஃப்சின்னு இன்னொரு முத்திரையும் வரும், 1999-ல தொடங்குனது, ஜெனீவாவுல தலைமையிடம், அதுக்கும் தனியா தேடுற பக்கம் இருக்கு.

பர்மா தேக்குன்னு சொன்னா இன்னும் கவனம். 2014 ஏப்ரல்லேர்ந்து மியான்மர்ல உருட்டு மரம் ஏற்றுமதிக்குத் தடை, அதனால புதுசா வந்த பர்மா உருட்டுன்னு யாராவது காட்டுனா எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. 2021 ராணுவ ஆட்சிக்கப்புறம் அங்க உள்ள அரசு மரக் கம்பெனி மேல அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் தடை போட்டுருக்கு, அந்தக் காசு யார்கிட்ட போகுதுன்னு யோசிச்சாலே எனக்கு அந்த மரத்துல வாசக்கால் வைக்க மனசு வராது. ஆப்பிரிக்கா படாக்கும் அப்படித்தான். அழியுற ஆபத்துல உள்ள உயிரினங்களோட வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம் சைட்டிஸ். 2022 நவம்பர்ல பனாமால நடந்த அதோட மாநாட்டுல ஆப்பிரிக்க படாக் வகை மரங்கள கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேத்துட்டாங்க, அது அமலுக்கு வந்தப்புறம் இறக்குமதியான கட்டைக்கும் பலகைக்கும் சைட்டிஸ் பர்மிட் இருக்கணும். இறக்குமதியாளர்கிட்ட காப்பி இருக்கும், கேட்டுப் பாருங்க.

எஃப்எஸ்சி கிடைக்கலேன்னா மனசு தளர வேணாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது பழைய மரம்தான். காரைக்குடி பக்கம் இடிச்ச வீட்டு நிலை, உத்திரம் எல்லாம் கிடைக்குது, புதுசா ஒரு மரமும் வெட்ட வேண்டியதில்ல. வாங்குறப்ப ஒவ்வொரு ஆணி ஓட்டையா பாருங்க, உள்ள முறிஞ்ச ஆணி இருந்தா வாள் பல்லு போயிரும்னு மில்காரர் தொடமாட்டார், காந்தம் ஒன்னு கொண்டு போனா அங்கயே தெரிஞ்சிரும். ஜன்னல், அலமாரிக்கு நம்ம ஊரு வேம்பு, பூவரசே போதும், யார் பட்டா நிலத்துல வெட்டுனதுன்னு நேர்ல போய்ப் பாத்துரலாம். படகுக்கு கேரளாவுலேர்ந்து அயினி எடுக்கறவங்க எஃப்எஸ்சிய எதிர்பாக்க முடியாது, அது பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்து மரம். எந்த ஊரு, யாரு தோட்டம், வண்டிக்குப் பாஸ் இருக்கா, இத மூணையும் கேட்டு வாங்குங்க.

கடை வச்சிருக்கவங்களுக்கும் ஒன்னு: தனியா சிஓசி எடுக்க செலவு ஜாஸ்தின்னா சின்னக் கடைங்க சேந்து குரூப் சர்ட்டிபிகேட் எடுக்கலாம், அதுக்கு வழி இருக்கு. எடுத்தப்புறம் எஃப்எஸ்சி மரத்தத் தனியா அடுக்கியோ பெயின்ட்ல குறி போட்டோ வைக்கணும், வந்தது எவ்வளவு போனது எவ்வளவுன்னு கணக்கும் வேணும், ஆடிட்டர் முதல்ல கேக்குறது அதத்தான்.

வாங்குறவங்க அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே கொட்டேஷன்லயே எஃப்எஸ்சின்னு போட்டு வாங்கிருங்க. லாரி வந்து மரத்த இறக்குனப்புறம் கேட்டா பில்லு போட்டாச்சு, மாத்த முடியாதுன்னுதான் சொல்வாங்க.