பழைய காரில் பெட்ரோல் லைன் ஒழுகினால் செய்யக்கூடாதவை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பல வீடுகளில் பின்தெரு ஷெட்டுக்குள் இன்னும் ஓர் அம்பாசிடரோ பத்மினியோ நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஊருக்கு வரும்போதுதான் வண்டி வெளியே வரும். அன்று காலையில் பார்த்தால் ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாடை. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் இரும்புக் குழாய், அதாவது பெட்ரோல் லைன், துருப்பிடித்து ஒழுகுகிறது. "இன்னிக்கு ஓடினாப் போதும், ஏதாவது பண்ணிக் கொடுங்க" என்று மெக்கானிக்கை அவசரப்படுத்துகிறோம். பெரும்பாலான தவறுகள் இந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

ஓட்டை மேல் சோப்பைத் தேய்ப்பதும் எம்-சீல் என்கிற ஒட்டுப் பசையை அப்புவதும் அதில் முதல் தவறு. சோப்பு பெட்ரோலில் கரையாது. அதனால் கொஞ்ச நேரம் ஒழுக்கு நிற்கும், நமக்கும் தைரியம் வந்துவிடும். ஆனால் துருப்பிடித்த இரும்பில் எந்தப் பசையும் நிலைத்துப் பிடிக்காது. கீழேயே சைலன்சர் சூடேறிக்கொண்டிருக்கும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு இது ஆகாது. விசேஷத்துக்கு வாடகைக் கார் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சொட்டுகிற இடத்தைத்தான் ஓட்டை என்று நினைப்பது. பெட்ரோல் குழாயின் அடிப்பக்கமாகவே வழிந்து போய், தாழ்வான ஒரு வளைவில் சொட்டும். ஓட்டை இரண்டடி தள்ளி இருக்கலாம்.

இதைவிட ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் உள்ள இந்தப் பழைய வண்டிகளில் டேங்க் பின்னால். பெட்ரோல் பம்பு முன்னால், எஞ்சினோடு. பம்பு பின்னாலிருந்து உறிஞ்சித்தான் பெட்ரோலை இழுக்கிறது. அதனால் வண்டி ஓடும்போது இந்த லைனில் உள்ள ஊசி ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியே வராமல், காற்று உள்ளே போகும். கீழே குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது. வண்டியோ மேட்டில் திணறும், வேகத்தில் வெட்டி வெட்டிப் போகும். உடனே கார்பரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக் மாற்றுவார்கள், பம்பையும் மாற்றிவிடுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, டேங்கில் நிறையப் பெட்ரோல் இருக்கும்போது சில மணி நேரம் நிறுத்தி வைத்துப் பாருங்கள். ஒழுக்கு அப்போதுதான் தெரியும். பழைய டீசல் வண்டியிலும் இதே கதைதான். லைனில் சேர்ந்த காற்றை வெளியேற்ற அடிக்கடி ஏர் எடுக்க வேண்டியிருந்தால் முதலில் லைனைச் சந்தேகப்படுங்கள்.

ஓட்டை விழுந்த இரண்டு அங்குலத்தை மட்டும் வெட்டியெடுத்து, நடுவில் ரப்பர் ஹோஸ் மாட்டி கிளிப் போடுவதுதான் எங்கும் நடக்கிற ரிப்பேர். இதில் எனக்குத் துளியும் உடன்பாடு கிடையாது. லைனைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நம்மூர்ச் செம்மண் இறுகிப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணைத் தட்டிவிட்டு ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் குழாய் செதில் செதிலாக உதிரும். இன்று ஒரு கிளிப்புக்கு அடியில் பொத்துக்கொண்டது என்றால் மற்ற கிளிப்புகளுக்கு அடியிலும் நிலைமை அதேதான். போதாததற்கு ஓடாத வண்டியில் உள்ளிருந்தும் துரு பிடிக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியிலும் குழாயின் தாழ்ந்த வளைவுகளிலும் தங்கிவிடும். ஆகவே டேங்கிலிருந்து பம்பு வரை முழு லைனையும் மாற்றிவிடுங்கள்.

ரப்பர் ஹோஸ் குழாயின் இரண்டு முனைகளிலும், ஆட்டம் இருக்கிற இடத்தில், சின்னத் துண்டாக இருந்தால் போதும். தண்ணீர் டியூப், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப் எதுவும் கூடாது. எத்தனாலுக்குப் பழைய வகை ரப்பர் ஊறி வெடித்துவிடும். ஹோஸின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருந்தால் நம்பி வாங்கலாம்.

வளைக்கச் சுலபம் என்று செம்புக் குழாய் போடுகிறவர்கள் நிறையப் பேர். அதிர்வில் செம்பு நாளாக ஆக இறுகி, நட் உட்காரும் வாயோரத்தில் விரிசல் விடும். செம்பும் இரும்பும் தொடுகிற இடத்தில் ஈரம் பட்டால் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். துரு அரிமானத்தை ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. பூச்சுப் போட்ட ஸ்டீல் குழாய் அல்லது செம்பு-நிக்கல் கலவைக் குழாய்தான் சரி. நட் பூட்டுகிற ஜாயின்டில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். நூல் பிரிந்து கார்பரேட்டரை அடைக்கும்.

வேலை செய்யும் இடம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, ஷெட்டில் இருக்கும் குழிக்குள் போய்த் தேங்கும். குழிக்குள் இறங்கி, வயர் இழுத்த குண்டு பல்பு வெளிச்சத்தில் லைனைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி, பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, பகலில் செய்யுங்கள். பிளாஸ்டிக் வாளியில் பெட்ரோல் பிடிக்கக்கூடாது. தண்ணீர் பக்கெட் பெட்ரோல் தீயை அணைக்காது. டிரை பவுடர் சிலிண்டர் கையருகே இருக்கட்டும். "டேங்க் காலிதானே" என்று வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும்.

கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால் லைனில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் இருக்கும். பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். கார்பரேட்டர் வண்டிக்கான ஹோஸும் கிளிப்பும் அதற்குத் தாங்காது.

புது லைன் போட்டு, பழைய டேங்கைக் கழுவாமல் விட்டால் உள்ளிருக்கும் துரு இரண்டே நாளில் ஃபில்டருக்கு வந்துவிடும். டேங்கை இறக்கிக் கழுவி, புது ஃபில்டர் போடுங்கள். பழைய கிளிப் இருந்த ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வைத்துப் புது கிளிப் போட்டு, சைலன்சரிலிருந்து தள்ளியே லைனைக் கொண்டு போங்கள். டேங்கை நிரப்பி, திறந்த இடத்தில் அடியில் அட்டையை விரித்து, ஒரு ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தி வையுங்கள். காலையில் அட்டையில் கறை இல்லை, வாடையும் இல்லை என்றால் பக்கத்தில் ஒரு சுற்று ஓட்டி வந்து, ஒவ்வொரு ஜாயின்டையும் விரலால் தடவிப் பாருங்கள்.