அதிரசம் பிரிந்தால் பாகு மேல்தான் பழி: தீபாவளி இனிப்பில் நாம் செய்யும் தவறுகள்

தீபாவளி மலர்களை வைத்துப் பார்த்தால், தமிழர்கள் மைசூர்பாகைச் சாப்பிடுவதற்காகச் செய்வதே இல்லை. ஆணி அடிக்கச் செய்கிறார்கள், கதவுக்கு முட்டுக் கொடுக்கச் செய்கிறார்கள், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையின் பல்லைப் பதம் பார்க்கச் செய்கிறார்கள். இந்த ஜோக்குகள் எத்தனை வருடமானாலும் அலுக்காததற்குக் காரணம், சிரிக்கிற எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு தட்டு மைசூர்பாகு எப்போதோ உறைந்து கிடந்திருக்கிறது என்பதுதான்.

அப்படிக் கெட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் வீட்டில் சொல்லும் காரணமும் ஒன்றே: “பாகு பதம் தப்பிடுச்சு.” பாவம் பாகு, வாய் திறந்து பேசாது. உண்மையில் பாகு சரியாக இருந்தும் பலகாரம் சொதப்புவதை நிறையப் பார்த்துவிட்டேன், அதில் பாதி நானே சொதப்பியது. தவறு பெரும்பாலும் பாகுக்கு முன்னால் நடந்துவிடுகிறது, இல்லையென்றால் பின்னால் நடக்கிறது. அதிரசத்திலிருந்தே தொடங்கலாம். அதைப்போல ஆளைக் காட்டிக்கொடுக்கும் பலகாரம் வேறில்லை.

ரொம்பப் பழைய பலகாரம் இது. திருமலைக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில், பெருமாளுக்குப் படைக்கும் நைவேத்தியங்களில் அப்பப்படி, சுகியன்படியோடு அதிரசப்படியும் வருகிறது. அத்தனை நூற்றாண்டாகச் சுட்டுப் பழகியும் இன்றைக்கும் வருடாவருடம் யாரோ ஒருவர் வீட்டு வாணலியில் அது பிரிந்துகொண்டுதான் இருக்கிறது. இருப்பதோ அரிசி, வெல்லம், எண்ணெய். கூடவே கொஞ்சம் ஏலக்காய், சுக்கு. முந்திரியைத் தூவித் தப்பை மறைக்கவும் வழியில்லை.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. பாக்கெட் அரிசிமாவை வாங்கி வந்துவிடுகிறோம். அது காய்ந்த மாவு. சூடான பாகில் போட்டதும் அதன் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாவு விரிவிரியென்று வெடிக்கும், அதிரசம் மறுநாளே ஓடு மாதிரி ஆகிவிடும். பாகு என்ன செய்யும்? மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, நிழலில் ஒரு வேட்டியை விரித்து அதன்மேல் பரப்ப வேண்டும். வெயில் கூடாது. இருபது நிமிடத்தில் பதம் வந்துவிடும். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், உதறினால் கையில் ஒட்டாமல் உதிர வேண்டும். அப்போதே அரைத்துச் சலித்துவிட வேண்டும். சலித்த மாவை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி பிடிபடுகிறதா, சரி.

“பரப்பியாச்சு, கொஞ்சம் தூங்கி எழுந்து அரைக்கலாம்” என்பதுதான் இந்தக் கட்டத்தின் மிகப் பெரிய சதி. எழும்போது அரிசி முறுகக் காய்ந்திருக்கும். மில்லில் கொடுப்பதானால் ஈர மாவு அரைக்கிற மில்லாகப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர் என்ன அரைத்தார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மிளகாய்த்தூள் வாசத்தோடு ஒரு அதிரசத்தை நான் சாப்பிட்டிருக்கிறேன். அதைச் சுட்டவர் எங்களுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் இரண்டாவதும் சாப்பிட்டேன்.

அடுத்தது வெல்லம். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. கடையில் “பாகு வெல்லம்” என்றே கேட்டு வாங்கலாம். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டிவிட்டுத்தான் மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். வெல்லத்தில் மண் இருக்கும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் பண்டிகை அன்று நறநறவென்று பல்லில் அரைபடும்.

இனி பாகுக்கே வருவோம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. கரையாமல் அடியில் நின்று, விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டையாக வந்தால் அதிரசப் பதம். தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கிறதா, அது பொரிவிளங்காய் உருண்டைக்கான பதம், அதிரசம் கையை விட்டுப் போய்விட்டது. இதெல்லாம் தெரிந்த கைகளே செய்யும் தவறு ஒன்று உண்டு. சோதித்துப் பார்க்கும்போது அடுப்பை எரியவிட்டு வைப்பது. சொட்டு விட்டு, திரட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் “இது போதுமா?” என்று கேட்டு முடிப்பதற்குள் அரை நிமிடம் ஓடிவிடும். நீங்கள் சோதித்த பாகு வேறு, வாணலியில் இருக்கும் பாகு வேறு. ஒவ்வொரு முறையும் அடுப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். பதம் போதவில்லை என்றால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். முற்றிய பாகை மட்டும் இளசாக்க முடியாது.

அளந்து வைத்த மாவு முழுவதையும் பாகில் கொட்டிவிடுவது இன்னொரு அவசரம். தூவித் தூவிக் கிளற வேண்டும். இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும், மாவு மீந்தாலும் பரவாயில்லை. ஆறியதும் தானாக இறுகும். மேலே கொஞ்சம் நெய் தடவி மூடி, ஒரு நாளாவது விட்டுவிட வேண்டும். மாவும் வெல்லமும் ஒன்றோடொன்று ஊறிச் சமாதானம் ஆவதற்கு அந்த நேரம் வேண்டும். பெரியம்மா காலத்தில் மண்சட்டியில் போட்டு நாலைந்து நாள் பரண்மேல் வைத்துவிடுவார்களாம், பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது என்பதற்காகவும்தான்.

நான் முதல் தடவை சுட்டபோது இதில் எந்தத் தவறையும் விட்டுவைக்கவில்லை. முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் பொலபொலவென்று பிரிந்தது. சூடு போதவில்லை போலிருக்கிறது என்று தீயைக் கூட்டி இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவதையும் போட்டேன். பெரியம்மா எட்டிப் பார்த்து, “என்னடி, எண்ணெயில மணல் வறுக்கிறியா?” என்றார். பாகு இளசாக இருந்தாலோ வெல்லம் கூடிப்போனாலோ இப்படித்தான் ஆகும். சூடான எண்ணெயில் வெல்லம் இளகிவிடும், மாவைப் பிடித்து நிறுத்த ஆளிருக்காது. மீந்திருந்த அரிசிமாவில் ஒரு கைப்பிடியைச் சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சுட்டோம், நின்றது. மாவு கட்டியாகிவிட்டால் இதற்கு நேர்மாறு. கொஞ்சம் பாலைத் தெளித்துப் பிசைந்தால் ஓரளவு சரியாகும். எப்படியிருந்தாலும் ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தட்டுங்கள். வாழையிலையில் பத்தை வரிசையாகத் தட்டி வைத்துவிட்டு முதலாவதைப் போடுவது, ஜாதகம் பார்க்காமல் மண்டபம் பிடிக்கிற மாதிரி.

கேதார கௌரி நோன்பு இருக்கிற வீடுகளில் இந்த டென்ஷன் இரட்டிப்பு. 21 இழைச் சரடு, 21 வெற்றிலை, 21 பாக்கு, கூடவே 21 அதிரசம் எண்ணிப் படைக்க வேண்டும். படைக்கும் முன் ருசி பார்க்கவும் முடியாது. வாசனையையும் நிறத்தையும் வைத்தே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அதனால் நிறத்தில் கவனம் தேவை. வெல்லம் சட்டென்று கருகும். மிதமான தீயில் ஒவ்வொன்றாகப் போட்டு, எழும்பியதும் ஒருமுறை திருப்பி, இன்னும் கொஞ்சம் சிவக்கலாமே என்று தோன்றும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் நிறம் ஏறும். எடுத்த சூட்டோடு இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும். ஆறினபிறகு அழுத்தினால் எண்ணெய் வராது, அதிரசம்தான் உடையும்.

முறுக்கும் அதிரசமும் ஒரே நாளில் என்றால் முறுக்குக்குத்தான் முதலிடம். அதிரசம் சுட்ட எண்ணெய் கறுத்துப்போகும், அதற்குமேல் அதில் எதைப் போட்டாலும் அடியில் தங்கிய வெல்லத்தூள் ஒட்டிக்கொண்டு வரும்.

மைசூர்பாகில் பாகு நிஜமாகவே எளிது, ஒற்றைக் கம்பிப் பதம் போதும். ஆட்கள் கோட்டைவிடுவது நெய்யில். பக்கத்து அடுப்பில் நெய் சூடாகவே இருக்க வேண்டும், ஊற்றினால் கடலைமாவு சொய்யென்று பொங்க வேண்டும். அந்தப் பொங்கலில்தான் துளைத் துளையாக வருகிறது. ஆறின நெய்யை ஊற்றினால் அது பாட்டுக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். அடுத்தது தட்டு. கிளறிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் மொத்தமும் நுரைத்து ஓரம் விட்டுச் சுருண்டு வரும். அந்த நொடியில் கொட்டியாக வேண்டும். நம்மில் பலர் அந்த நொடியில்தான் “அந்தத் தட்டு எங்கே, அதான், ஓரம் வச்ச தட்டு” என்று வீடு முழுக்கக் கேட்போம். தட்டு வந்து சேர்வதற்குள் மைசூர்பாகு வாணலியிலேயே குடியேறிவிடும். நெய் தடவிய தட்டை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டியபின் கரண்டியால் அழுத்தி அழகுபார்க்க வேண்டாம், துளைகள் செத்துவிடும். கொஞ்சம் ஆழமான தட்டாக இருந்தால் உள்சூட்டில் நடுப்பகுதி சிவந்து, வெட்டும்போது பழுப்பு வரி தெரியும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வில்லை போட்டுவிட வேண்டும். ஆறவிட்டால் தீபாவளி மலர் ஜோக்தான்.

குலோப் ஜாமூனில் சொல்ல அதிகமில்லை. மிக்ஸ் மாவைச் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையாதீர்கள், தீயைக் கூட்டாதீர்கள். வெளியே சிவந்து உள்ளே மாவு கட்டியாக இருப்பதெல்லாம் தீயின் வேலை. பாகுக்குக் கம்பிப் பதமே வேண்டாம், விரலில் பிசுபிசுத்தால் போதும். கொதிக்கும் பாகில் போடாமல், கைபொறுக்கும் சூட்டில் அகலமான பாத்திரத்தில் ஊறவிடுங்கள். ஊறினால் பருக்கும் என்பதை மறந்து எலுமிச்சை அளவில் உருட்டிவிட்டு, அப்புறம் பந்து பந்தாக வந்ததே என்று வருத்தப்பட வேண்டாம்.

எல்லாம் நன்றாக வந்தபிறகும் டப்பா ஒன்று பாக்கி இருக்கிறது. சூடாக அடைத்து மூடினால் உள்ளே வியர்க்கும், அடுத்த வாரம் பூஞ்சை பிடிக்கும். அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே டப்பாவில் போட்டால் முறுக்கு நமத்துவிடும். அப்புறம் சாப்பிடும் வரிசை. தேங்காய்ப் பூரணம் வைத்த சுழியத்தை “விருந்தாளிக்கு வேணும்” என்று ஒதுக்கிவிட்டு, ஒரு மாதம் தாங்கும் அதிரசத்தை முதல் நாளே காலி செய்யும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். சுழியம் அன்றைக்கே முடிய வேண்டியது.

தீபாவளி அன்று காலையில் இனிப்புக்காக அடுப்பு மூட்டுவதையும் தவறுக் கணக்கில்தான் சேர்ப்பேன். அந்த நேரம் எண்ணெய்க் குளியலுக்கும் “கங்கா ஸ்நானம் ஆச்சா?” விசாரிப்புக்கும் உரியது. பட்டாசுக்கும் 2018-லிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நேரம் வகுத்துவிட்டார்கள். பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரத்துக்காக வருடம் முழுக்கக் காத்திருக்க, நாம் வாணலி முன்னால் நிற்பது நியாயமில்லை. அன்றைக்கு அடுக்களையில் இட்லி, வடை போதும். இன்னொன்று, லேகியத்தை மறக்காதீர்கள். சுக்கும் ஓமமும் கண்டந்திப்பிலியும் போட்டுக் கிளறிய அந்த உருண்டையைக் குளித்தவுடன் வெறும் வயிற்றில் வாயில் போட வேண்டும். எல்லா இனிப்பையும் முடித்துவிட்டுச் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லேகியம் தேடுவதே வழக்கமாகிவிட்டது.

தெரு அளவில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. என்ன இனிப்பு செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவது. “மைசூர்பாகு” என்று வாய் விட்டுவிட்டால், அது இறுகாமல் குழைந்து நிற்கும்போது உங்களுக்குத் தப்பிக்க வழியில்லை. சொல்லாமல் இருந்தால் அது கடலைமாவு அல்வா. உதிர்ந்துபோனதா, பால் ஊற்றிக் கிளறி ‘பர்பி’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மைசூர்பாகின் பிறப்புக் கதையே அப்படித்தானே. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனையில் காகாசுர மாதப்பா என்ற சமையற்காரர் இதைக் கிளறி வைத்தாராம். ராஜா சாப்பிட்டுவிட்டு இதன் பெயர் என்ன என்று கேட்டபிறகுதான், சட்டென்று வாயில் வந்த ‘மைசூர் பாக’வைச் சொன்னாராம். பலகாரம் முதலில், பெயர் பிறகு.

எங்கள் வீட்டில் இந்த வருடத்து மாவு நேற்று ராத்திரி பிசைந்து மூடியாகிவிட்டது. காலையில் பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டி, “என்ன பலகாரம்?” என்று கேட்டார். “ஏதோ ஒரு இனிப்புக்கா, வரும்போது பாருங்க” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.